ஆராய்ச்சிக்கு மட்டும்

என் அக்கா மகன் புனேயில் வேலை பார்க்கிறான். வயது 26. தீபாவளி விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவன், வந்ததும் வராததுமாக ஃபிரிட்ஜைத் திறந்து முட்டை வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில் சிறிய கண்ணாடிக் குப்பி ஒன்றை வைத்தான். அதன் அடியில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி. என்னவென்று கேட்ட என் மனைவியிடம் "வைட்டமின் மாதிரி, அத்தை" என்றான்.

மறுநாள் காலையில் அந்தக் குப்பியை என்னிடமே கொண்டுவந்தான். "மாமா, நீங்க மெடிக்கல் பேப்பரெல்லாம் மொழிபெயர்க்கறீங்களே, இந்த லேபிளைக் கொஞ்சம் பாருங்க. எங்க ஜிம் கோச் குடுத்தாரு." லேபிளில் 'ஐபாமோரெலின், 5 மில்லி கிராம்' என்று இருந்தது. தயாரித்தவர் பெயர் இல்லை. கீழே பொடி எழுத்தில் இரண்டு வரிகள். அவற்றை அப்படியே தமிழில் சொன்னேன்: ஆராய்ச்சிக்கு மட்டும். மனிதர்களுக்குச் செலுத்துவதற்கு அல்ல.

முதல் வரியைக் கேட்டதுமே அவன் முகம் மலர்ந்துவிட்டது. "ஆராய்ச்சின்னா நல்லதுதானே மாமா? சயின்டிஃபிக்கா நிரூபிச்சிருக்காங்கன்னுதானே அர்த்தம்?"

எத்தனையோ ஆண்டுகளாக மொழிபெயர்த்துப் பிழைக்கிறேன். இவ்வளவு எளிய ஒரு வரியை இவ்வளவு தலைகீழாகப் புரிந்துகொண்ட வாசகரை நான் சந்தித்ததில்லை. ஆனால் தப்பு அவனுடையது மட்டுமல்ல. 'ஆராய்ச்சி' என்ற சொல்லுக்கு நம்மிடையே அப்படியொரு மவுசு இருக்கிறது. பற்பசை விளம்பரத்திலிருந்து பஞ்சாங்கம் வரை எல்லோரும் அதைச் சொல்லித்தான் விற்கிறார்கள். ஒரு பொருள் ஆராய்ச்சியில் இருக்கிறது என்றால் அதைப் பற்றிய கேள்விகளுக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை என்றே பொருள். அவனுக்கு இதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாள் பேச்சின் சுருக்கம்தான் இந்த வாரப் பத்தி.

குப்பியில் இருப்பது வளர்ச்சி ஹார்மோன் அல்ல. அதைச் சுரக்கத் தூண்டும் செயற்கைப் பெப்டைட். நம் மூளையின் அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி, 191 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதத்தைச் சுரக்கிறது. அதுதான் வளர்ச்சி ஹார்மோன். குழந்தைகளுக்கு எலும்பை நீட்டுகிறது. பெரியவர்களுக்குக் கொழுப்பைக் கரைக்கிறது, தசையின் புரதத்தைக் காக்கிறது. இன்சுலினின் வேலைக்குக் குறுக்கே நிற்பதால் இரத்தத்தில் சர்க்கரையையும் ஏற்றுகிறது. இந்தக் கடைசி விஷயத்தை விற்பவர்கள் சொல்வதில்லை.

இந்தச் சுரப்பு குழாய்த் தண்ணீர் போல ஓயாமல் வருவதில்லை. விட்டுவிட்டு, அலையலையாக வருகிறது. தூங்கத் தொடங்கிய முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வரும் அலைதான் பெரியது. அலைகளுக்கு நடுவே இரத்தத்தில் ஹார்மோன் ஏறக்குறைய இல்லை எனலாம். இந்த அலைகளை ஆள்வது பிட்யூட்டரிக்கு மேலே இருக்கும் ஹைபோதாலமஸ். அது அனுப்பும் ஒரு செய்தி 'சுரக்கலாம்' என்கிறது. இன்னொரு செய்தி 'போதும்' என்கிறது. போதும் என்று சொல்லும் சோமாட்டோஸ்டாடின் 1973இல் கலிபோர்னியாவின் சால்க் ஆய்வுக்கூடத்தில் ரோஜர் கில்மன் குழுவினரிடம் சிக்கியது. சுரக்கச் சொல்லும் ஹார்மோன் மூளையில் இருக்கும் அளவு மிகச் சொற்பம் என்பதால் அது பிடிபடப் பல ஆண்டுகள் ஆயின. கடைசியில் 1982இல் அது கிடைத்தது மூளையில் அல்ல, கணையத்தில். கணையத்தில் கட்டி வந்து, அதனால் கை, கால், தாடை பெருத்துப்போன நோயாளிகளின் கட்டியில் இந்த ஹார்மோன் ஏராளமாக இருந்தது. கில்மன் குழுவும் அதே சால்க்கில் வைலி வேல் குழுவும் தனித்தனியே அதைப் பிரித்தெடுத்தன.

வளர்ச்சி ஹார்மோனையே நேரடியாகக் கொடுத்தால் என்ன? கொடுத்தார்கள். 1958இல் அமெரிக்க டாக்டர் மாரிஸ் ரேபன், வளர்ச்சி குன்றிய ஓர் இளைஞனுக்கு இறந்த மனிதர்களின் பிட்யூட்டரியிலிருந்து எடுத்த ஹார்மோனைச் செலுத்தி வளர்ச்சியைக் காட்டினார். அடுத்த கால் நூற்றாண்டு உலகெங்கும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் இப்படிப் பிணங்களிலிருந்து எடுத்த ஹார்மோனால் உயரம் பெற்றார்கள். 1985இல் அதிர்ச்சி. அப்படி ஊசி போட்டுக்கொண்ட இளைஞர்கள் சிலர், மூளையை அரிக்கும் கிராய்ட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் நோயால் இறந்தது தெரியவந்தது. ஊசி போட்டுப் பல ஆண்டுகள் கழித்து நோய் தலைகாட்டியிருந்தது. அமெரிக்காவில் அந்த ஆண்டே வினியோகம் நின்றது. மரபணுப் பொறியியலில் பாக்டீரியாவைக் கொண்டு செய்த ஹார்மோன் அதே ஆண்டு அக்டோபரில் அனுமதி பெற்றது.

நல்லெண்ணத்தோடு, தேர்ந்த டாக்டர்கள் கொடுத்த மருந்துக்கே அந்தக் கதி. இதை நான் சொன்னபோது பையன் குப்பியை மேஜை மேல் வைத்துவிட்டான்.

நேரடியாகக் கொடுப்பதைவிட உடம்பையே சுரக்க வைப்பது மேல் என்ற எண்ணத்துக்கு நியாயம் உண்டு. வெளியிலிருந்து செலுத்தும் ஹார்மோனுக்கு 'போதும்' என்ற செய்தி கேட்காது. உடம்பு தானே சுரந்தால் அந்தக் கடிவாளம் ஓரளவு மிஞ்சும், அலைகளும் அலைகளாகவே இருக்கும். இந்தத் தூண்டிகளைப் பற்றிய ஆராய்ச்சி முழுவதும் இந்த எதிர்பார்ப்பில் நடந்ததுதான்.

அதன் தொடக்கம் தற்செயல். நியூ ஆர்லியன்ஸில் உள்ள டுலேன் பல்கலைக்கழகத்தில் சிரில் பவர்ஸ் என்ற டாக்டர், உடம்பு தானே செய்துகொள்ளும் வலி நிவாரணியான என்கெஃபலினை 1970களின் பிற்பகுதியில் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தே அமினோ அமிலங்கள் கொண்ட துணுக்கு அது. மாற்றிய வடிவம் ஒன்றில் வலி நிவாரண குணம் போய், எதிர்பாராத குணம் ஒன்று வந்தது. தட்டில் வளர்த்த பிட்யூட்டரி செல்களை அது வளர்ச்சி ஹார்மோன் சுரக்க வைத்தது. தட்டில் வேலை செய்தது உயிருள்ள பிராணியிடம் செய்யவில்லை. பவர்ஸும் ஃபிராங்க் மொமனியும் மூலக்கூறின் வடிவத்தைக் கணக்கிட்டுக் கணக்கிட்டு மாற்றினார்கள். 1984இல் ஆறு அமினோ அமிலங்கள் கொண்ட ஜி.எச்.ஆர்.பி-6 பற்றிய கட்டுரை வந்தது. அது பிராணிகளிடமும் வேலை செய்தது.

ஆறில் இரண்டு அமினோ அமிலங்கள் கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல இடவலம் மாறியவை. இயற்கைப் புரதங்களில் அந்த வகை இருப்பதில்லை. நம் உடம்பின் என்சைம்கள் வலது கால் செருப்பை மட்டுமே அறிந்தவை. இடது கால் செருப்பைக் கொடுத்தால் தடுமாறும். அதனால்தான் இந்தத் துணுக்கு உடனே சிதையாமல் பிட்யூட்டரி வரை போய்ச் சேர்கிறது.

இங்கே ஒரு வேடிக்கை. சாவி கையில் இருந்தது. அது எந்தப் பூட்டுக்கு என்று யாருக்கும் தெரியாது. 1982இல் கண்டுபிடித்த ஹார்மோனின் பூட்டு அல்ல என்பது மட்டும் தெரிந்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் தனித்தனி விளைவுகளின் கூட்டுத்தொகையைவிட அதிகம் சுரந்ததே அதற்குச் சான்று. பூட்டை 1996இல் மெர்க் கம்பெனியின் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அப்படியானால் இயற்கை அந்தப் பூட்டுக்குச் செய்து வைத்த சாவி எது? மூளையில் தேடிக் கிடைக்காமல் 1999இல் ஜப்பானின் மசயாசு கொஜிமாவும் கெஞ்சி கங்காவாவும் எலியின் இரைப்பையில் அதைக் கண்டெடுத்தார்கள். 28 அமினோ அமிலங்கள், அவற்றில் ஒன்றில் தொற்றிய ஒரு கொழுப்பு அமிலம். பெயர் கிரெலின். வளர்தலைக் குறிக்கும் ஓர் ஆதி ஐரோப்பிய வேர்ச்சொல்லிலிருந்து அந்தப் பெயரை எடுத்தார்கள். பிற்பாடுதான் தெரிந்தது, சாப்பாட்டு வேளைக்கு முன் நமக்குப் பசியைக் கிளப்புவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டென்று. இந்தப் பெப்டைட்களில் சில அகோரப் பசியைக் கிளப்புவதன் ரகசியம் அதுதான். ஒரே பூட்டு, பல கதவுகள்.

சரி, இவற்றை ஆராய்வது எப்படி? முதலில் செய்ய வேண்டும். 1963இல் புரூஸ் மெரிஃபீல்ட் ஒரு வழி சொன்னார். நுண்ணிய பிசின் மணிகளில் முதல் அமினோ அமிலத்தை ஒட்டவை, அதன் மேல் இரண்டாவதைக் கோர், மிச்சத்தைக் கழுவு, மூன்றாவதைக் கோர். பூக்கட்டுவது மாதிரி. 1984இல் இதற்காக நோபல் பரிசு கிடைத்தது. இன்று எந்திரமே இதைச் செய்கிறது. ஆனால் எந்திரத்துக்கும் கை தவறும். ஒரு கண்ணி விட்டுப்போன சரம், பாதியில் அறுந்த சரம் எல்லாம் சேர்ந்தே வரும். எனவே திரவக் குரோமடோகிராஃபியில் ஓட விட்டுப் பிரிக்கிறார்கள். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் எடை பார்த்து, வேண்டியதுதான் வந்திருக்கிறதா என்று உறுதி செய்கிறார்கள். ஊசியில் போவதென்றால் இன்னொரு சோதனையும் உண்டு. பாக்டீரியாவின் தோல் துணுக்குகள் கொஞ்சம் கலந்திருந்தாலும் குளிர்க் காய்ச்சல் வரும். அதைக் கண்டறிய நெடுங்காலமாக உதவி வருவது குதிரைலாட நண்டின் நீல இரத்தம்.

"உன் குப்பிக்கு இதில் எது நடந்தது?" என்று கேட்டேன். "வெப்சைட்ல 99 பர்சென்ட் ப்யூர்னு போட்டிருந்தாங்க" என்றான். மீதி ஒரு சதவீதம் என்னவென்று போட்டிருக்கவில்லை. 99 என்று அளந்தது யார் என்பதும் இல்லை.

செய்தபின் செல்கள். எலியின் பிட்யூட்டரி செல்களைத் தட்டில் வளர்த்து, பெப்டைடைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு அளவுக்கும் எவ்வளவு ஹார்மோன் வெளிவருகிறது என்று அளக்கிறார்கள். ஒரு மில்லி லிட்டரில் சில நானோகிராம், அதாவது ஒரு கிராமில் நூறு கோடியில் சில பங்கு. இவ்வளவு நுணுக்கமாக அளக்க வழி செய்தவர்கள் நியூயார்க்கின் ராஸலின் யாலோவும் சாலமன் பெர்சனும். 1977இல் யாலோவுக்கு நோபல் கிடைத்தபோது பெர்சன் உயிரோடு இல்லை.

பிறகு பிராணிகள். எலி, பன்றி, நாய். 1998இல் நோவோ நார்டிஸ்க் கம்பெனியின் விஞ்ஞானிகள் ஐபாமோரெலினை அறிமுகப்படுத்தியது பன்றிகளை வைத்துத்தான். அதற்கு முந்தைய தூண்டிகள் வளர்ச்சி ஹார்மோனோடு மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசாலையும் கொஞ்சம் ஏற்றின. ஐபாமோரெலின் பன்றிகளிடம் மிக அதிக அளவில் கொடுத்தபோதும் கார்ட்டிசாலைத் தொடவில்லை. 'தேர்ந்தெடுத்துத் தூண்டும் முதல் பெப்டைட்' என்று அதைச் சொன்னார்கள். ஜிம்களில் 'இதுக்கு சைடு எஃபெக்டே கிடையாது' என்று சொல்கிறார்களே, அந்தப் பேச்சுக்கு வேர் இந்தப் பன்றித் தொழுவத்தில் இருக்கிறது.

அப்புறம் மனிதர்கள். ஹார்மோன் அலையலையாக வருவதாலும் இரத்தத்தில் பாதி கரைய இருபது நிமிடம் போல்தான் ஆகும் என்பதாலும், ஒருமுறை இரத்தம் எடுத்துப் பார்த்தால் ஒன்றும் புரியாது. கையில் சன்னக் குழாய் செருகிப் பத்து அல்லது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, சில ஆய்வுகளில் இரவு பகலாக 24 மணி நேரம் இரத்தம் எடுக்கிறார்கள். இருபது நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒரு நாளைக்கு 72 மாதிரிகள். அதை வரைபடமாக்கி அலைகளை எண்ணுகிறார்கள். ஐபாமோரெலினை ஆரோக்கியமான ஆண்களுக்கு நரம்பில் ஏற்றிப் பார்த்ததில், சுமார் 40 நிமிடத்தில் வளர்ச்சி ஹார்மோன் உச்சம் தொட்டுத் தாழ்ந்துவிட்டது. மருந்தின் அரை ஆயுள் சுமார் இரண்டு மணி நேரம்.

சில விடைகளை இயற்கையே எழுதி வைத்திருக்கிறது. சுரக்கச் சொல்லும் ஹார்மோனுக்கான பூட்டு பிறவியிலேயே பழுதான குடும்பங்கள் உண்டு. அவர்கள் உடல் வாகு சீராக இருக்கும். உயரம் மட்டும் மிகக் குறைவு. 1996இல் இந்திய வம்சாவளிக் குடும்பம் ஒன்றிலும், பிறகு பாகிஸ்தானின் சிந்துவில் ஒரு கிராமத்து மக்களிடமும், இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்றிலும் ஒரே மரபணு மாற்றத்தைக் கண்டார்கள். எல்லாம் சொந்தத்துக்குள் மணம் முடித்த குடும்பங்கள். பிரேசிலில் இதே பூட்டு வேறு விதமாகப் பழுதான மக்களுக்குப் பவர்ஸ் வகைப் பெப்டைடைக் கொடுத்துப் பார்த்தபோது வளர்ச்சி ஹார்மோன் மிகச் சொற்பமே ஏறியது. இந்தச் சாவி தனியாக எல்லாவற்றையும் திறந்துவிடாது, இயற்கை ஹார்மோனின் துணையும் வேண்டும் என்பது அங்கே தெளிவாயிற்று.

இதுவரை கேட்டவன், "அப்ப வேலை செய்யுதுல்ல மாமா? ஹார்மோன் ஏறுதுல்ல?" என்றான். ஆமாம், ஏறுகிறது. ஆராய்ச்சியின் கடைசிக் கேள்வி அதற்கு அப்புறம்தான் வருகிறது. ஏறினால் மனிதனுக்கு நல்லதா?

இதே பூட்டைத் திறக்கும் மாத்திரை ஒன்றை மெர்க் கம்பெனி செய்தது. எம்.கே-677 என்று பெயர். 60 வயது தாண்டிய ஆரோக்கியமான 65 பேரிடம் இரண்டு ஆண்டுகள் சோதித்த முடிவு 2008இல் வெளிவந்தது. சிலருக்கு நிஜ மாத்திரை, சிலருக்கு வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று மாத்திரை போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. நிஜ மாத்திரை போட்டவர்களின் வளர்ச்சி ஹார்மோன் இளைஞர்களின் அளவுக்கு உயர்ந்தது. ஓராண்டில் கொழுப்பு நீங்கலான உடல் எடை சராசரியாக 1.1 கிலோ கூடியது. ஆனால் பலம் கூடவில்லை. நடை, எழுந்து உட்காருதல், ஏறி இறங்குதல் எதிலும் மாற்றமில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை கூடியது. இன்சுலினின் வேலை மந்தமானது.

அதே ஆண்டு இன்னொரு முடிவு. அல்ஸைமர் நோயாளிகள் 563 பேர், ஓராண்டு. ஆறு வாரத்திலேயே, வளர்ச்சி ஹார்மோனின் தூதனான ஐ.ஜி.எஃப்-1 இரத்தத்தில் 60 சதவீதம் உயர்ந்தது. நோய் தன் பாட்டுக்கு முற்றியது. இடுப்பெலும்பு முறிந்த 123 முதியவர்களிடம் நடந்த சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களில் சிலருக்கு இதயம் பலவீனமாகும் அறிகுறி தெரிந்ததே காரணம். அந்த முடிவு 2011இல் வெளிவந்தது.

ஐபாமோரெலினுக்கு என்ன ஆயிற்று? தசைக்காக அதை யாரும் பெரிய சோதனைக்கு எடுத்துச் செல்லவில்லை. குடல் அறுவைக்குப்பின் குடல் மீண்டும் இயங்க உதவுமா என்று நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் பார்த்தார்கள். வெறும் ஊசிக்கும் அதற்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை என்று 2014இல் எழுதினார்கள். அத்தோடு மருந்தாகும் பயணம் நின்றது. குப்பியில் தொடர்கிறது.

எல்லாமே தோல்வி என்று சொல்ல மாட்டேன். எச்.ஐ.வி. மருந்துகளால் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்தவர்களுக்கு டெசமோரெலின் என்ற பெப்டைட் 2010இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 26 வாரங்களில் அந்தக் கொழுப்பைச் சராசரியாக 15 சதவீதம் போலக் குறைத்தது; நிறுத்தினால் கொழுப்பு திரும்பியது. பெரியவர்களுக்கு வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க மேசிமோரெலின் என்ற மருந்துக்கு 2017இல் அனுமதி கிடைத்தது. குடித்துவிட்டு ஒன்றரை மணி நேரத்தில் நான்கு முறை இரத்தம் கொடுத்தால் போதும். பசி மந்தித்த நாய்களுக்குக் கேப்ரோமோரெலின் 2016இல் வந்தது. புற்றுநோயால் உடல் இளைப்பவர்களுக்கான அனமோரெலினை ஐரோப்பா 2017இல் மறுத்தது. ஜப்பான் 2021இல் ஏற்றது. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட நோய்க்கு, குறிப்பிட்ட அளவில், குறிப்பிட்ட ஆட்களுக்கு. 26 வயதில் கட்டுமஸ்தான ஆளுக்கு என்று ஒன்றுகூட இல்லை.

பின் இந்தச் சந்தை எப்படி வந்தது? 1990இல் டேனியல் ரட்மன் என்ற அமெரிக்க டாக்டர் 61 முதல் 81 வயதுவரையான 21 ஆண்களிடம் செய்த ஆய்வு ஒன்று வெளியானது. 12 பேர் ஆறு மாதம் வளர்ச்சி ஹார்மோன் போட்டுக்கொண்டார்கள். கொழுப்பு நீங்கலான எடை 8.8 சதவீதம் கூடியது, கொழுப்பு 14.4 சதவீதம் குறைந்தது. அந்த 12 பேரின் மேல் ஒரு தொழிலே எழும்பியது. கூடிய எடை பலமாக மாறியதா என்று கேட்கும் பொறுமை வாங்குபவருக்கும் இல்லை, விற்பவருக்கும் இல்லை.

விளையாட்டு வீரர்களுக்கு இன்னோர் ஆபத்து. ஐபாமோரெலின் உட்பட இந்த வகை முழுவதும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் இருக்கிறது. போட்டி நாளில் மட்டுமல்ல, எந்நாளும். சிறுநீரில் மிச்சத்தை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கண்டுபிடித்துவிடும். முதல் முறை சிக்கினாலே நான்கு ஆண்டுகள் வரை தடை வரலாம். ரயில்வே வேலையையோ போலீஸ் வேலையையோ நம்பி ஓடும் ஒரு பையனுக்கு நான்கு ஆண்டு என்பது ஆயுள் தண்டனைதான்.

இவ்வகைப் பொருள்களுக்கு ஆங்கிலத்தில் 'செக்ரெட்டகாக்' என்று பெயர். 'சுரப்புத் தூண்டி' என்று எழுதிப் பல கட்டுரைகளைக் கடந்துவிட்டேன். இந்த முறை என்னை நிறுத்தியது அந்தச் சொல் அல்ல, 'ஆராய்ச்சி'தான். தமிழ் எம்.ஏ. படித்த காலத்தில் இந்தச் சொல்லை நாங்கள் நூல், சுவடி, பாடபேதம் என்றே புழங்கினோம். ஆனால் ஊர் வழக்கில் அதைவிடப் பழைய ஞாபகம் ஒன்று இருக்கிறது: ஆராய்ச்சி மணி. திருவாரூரில் மனுநீதிச் சோழன் அரண்மனை வாசலில் தொங்கிய மணி. குறை உள்ள யாரும் இழுக்கலாம். கன்றை இழந்த பசுவும் இழுத்தது. மணி ஒலித்தால் அரசன் எழுந்து வந்தாக வேண்டும். அங்கே ஆராய்ச்சி என்றால் பாதிக்கப்பட்டவரின் குறையை விசாரிப்பது.

முறையான மருந்துச் சோதனையிலும் அந்த மணி தொங்குகிறது. நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, புதிய மருந்தின் சோதனைக்கு அரசு அனுமதியும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். பங்கேற்பவர் விவரம் அறிந்து கையெழுத்திட வேண்டும். விபரீதம் நேர்ந்தால் ஆய்வு செய்யும் டாக்டர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சோதனையால் பாதிப்பு என்றால் இழப்பீடு உண்டு. விதிகள் எல்லா இடத்திலும் ஒழுங்காக நடக்கின்றன என்று நான் சத்தியம் செய்யத் தயாரில்லை. ஆனால் இழுக்க ஒரு கயிறு இருக்கிறது. இடுப்பெலும்பு முறிந்தவர்களின் சோதனை பாதியில் நின்றதே, அது மணி ஒலித்ததால்தான். குப்பி லேபிளில் 'மனிதர்களுக்குச் செலுத்துவதற்கு அல்ல' என்று எழுதியவர் அந்தக் கயிற்றைத்தான் அறுத்திருக்கிறார். ஏதாவது நேர்ந்தால், 'நான்தான் வேண்டாமென்று எழுதியிருந்தேனே' என்பார்.

இரண்டாம் நாள் இரவுதான் அவன் உண்மையைச் சொன்னான். ஆறு வாரமாகத் தினம் தூங்கும் முன் போட்டுக்கொண்டிருக்கிறான். இரண்டு குப்பிகள் காலி. இது மூன்றாவது. "நல்லா தூக்கம் வருது மாமா. பசியும் எடுக்குது. கை கொஞ்சம் மரத்துப்போகுது, அவ்வளவுதான்."

எங்கள் குடும்பத்தில் சர்க்கரை வியாதி சொத்து மாதிரி. என் அப்பாவுக்குக் காலில் இரண்டு விரல்கள் போயின. இவன் அம்மா 38 வயதிலிருந்து மாத்திரை சாப்பிடுகிறாள். அவனைத் திட்டவில்லை. மறுநாள் விடிந்ததும் காபிகூடக் குடிக்க விடாமல் தெருக்கோடி லேபுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை 108. நூறுக்குக் கீழ் இருக்க வேண்டும். 126 என்றால் வியாதி. இரண்டுக்கும் நடுவே நிற்கிறான்.

"இது ஊசியாலயா மாமா?" என்று கேட்டான். இரண்டு நாளில் அவன் கேட்ட நல்ல கேள்வி அதுதான். பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை, எந்த டாக்டரிடமும் இருக்காது. தாத்தா கொடுத்ததாக இருக்கலாம், தீபாவளி லட்டாக இருக்கலாம், குப்பியாக இருக்கலாம். ஊசியைத் தொடங்கும் முன் எவ்வளவு இருந்தது என்று அளந்திருந்தால் கொஞ்சம் சொல்லலாம். வெறும் ஊசி போட்டுக்கொண்ட இன்னொருவன் பக்கத்தில் இருந்தால் இன்னும் கொஞ்சம் சொல்லலாம். குப்பியில் இருப்பது லேபிளில் இருப்பதுதான் என்று தெரிந்திருந்தால்கூடப் போதும். ஆறு வாரம் தன் உடம்பிலேயே சோதனை செய்திருக்கிறான். ஒரு வரிகூடக் குறித்து வைக்கவில்லை.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையையும் எடுத்துக்கொண்டு புனேயில் ஒரு டாக்டரைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான். குப்பியை எடுத்துக்கொண்டு போகவில்லை. ரயில் கிளம்பும்போது ஒரு சிறிய நோட்டை அவன் பையில் வைத்தேன். முதல் பக்கத்தில் தேதி போட்டு 108 என்று எழுதியிருக்கிறேன். அடுத்த எண்ணை அவன் எழுத வேண்டும்.